டீசல் ஹேட்ச்பேக்: சிங்கப்பூர்ச் சாலையில் எது கெடுகிறது, ஏன் கெடுகிறது

2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களையும் டீசல் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. இதைக் கேட்டுவிட்டு, டீசல் காரை இனி ஓட்டவே கூடாதோ என்று பலர் குழம்பிப் போயிருக்கிறார்கள். தடை புதிய பதிவுகளுக்குத்தான். ஏற்கெனவே பதிவான கார்கள் தொடர்ந்து ஓடலாம். 2024 டிசம்பரில் கடைசியாகப் பதிவான கார்களின் முதல் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 2034 டிசம்பர் வரை செல்லும்.

ஆனால் 2014 முதல் 2017 வரை பதிவான டீசல் ஹேட்ச்பேக் கார்களுக்கு 10 ஆண்டுக் கெடு இப்போது நெருங்கிவிட்டது, சிலவற்றுக்குத் தாண்டியும் விட்டது. வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? பட்டறையில் சொல்லும் செலவு நியாயமானதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டுமென்றால், இந்தக் கார்களில் உண்மையில் கெடுவது எது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது இன்ஜின் அல்ல. புகையைச் சுத்தம் செய்ய அதனுடன் பொருத்தியிருக்கும் கருவிகள்தான். அவற்றைக் கெடுப்பது வயதைவிட அதிகமாக நாம் ஓட்டும் விதம்.

ஸ்பார்க் பிளக் இல்லாத இன்ஜின்

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக்கின் பொறி பற்றவைக்கும். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்தும்போது அது கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சும் வேலை இன்ஜெக்டருடையது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இப்போதைய காமன் ரெயில் இன்ஜின்களில் அந்த அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகும். ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்.

இப்படி எரிவதால் எரிபொருள் மிச்சமாகிறது. ஆனால் இரண்டு கழிவுகள் மிஞ்சுகின்றன. ஒன்று, கரித்துகள். இன்னொன்று, நைட்ரஜன் ஆக்சைடுகள். இவை இரண்டும் நுரையீரலுக்குக் கெடுதல். வாகனப் புகைக்கான ஐரோப்பியத் தரமான யூரோ 5 விதியில் நைட்ரஜன் ஆக்சைடுக்கான வரம்பு கிலோமீட்டருக்கு 0.18 கிராம், யூரோ 6இல் 0.08. புதிய டீசல் வாகனங்களுக்கு யூரோ 5 தரத்தை 2014இலும் யூரோ 6ஐ 2018 ஜனவரியிலும் சிங்கப்பூர் கட்டாயமாக்கியது. உங்கள் காரில் எந்தக் கருவிகள் இருக்கும் என்பதைப் பதிவான ஆண்டை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

புகை போகும் வழியில் மூன்று கருவிகள்

1. இஜிஆர் வால்வு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதையே மட்டுப்படுத்தும். கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து இதில் தார் போலப் படியும்.

2. டிபிஎஃப். கரித்துகளைப் பிடித்து வைக்கும் பீங்கான் வடிகட்டி. யூரோ 5 முதல் டீசல் கார் என்றாலே இது இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

3. எஸ்சிஆர். ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். யூரோ 6 கார்கள் பலவற்றில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

பணம் அதிகம் போவது இரண்டாவதில்தான். அதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

டிபிஎஃப் ஏன் இங்கே அடைத்துக்கொள்கிறது

வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். இதை ரீஜெனரேஷன் என்பார்கள். பட்டறையில் சுருக்கமாக ‘ரீஜென்’. விரைவுச்சாலையில் ஒரே சீராக ஓடும்போது, புகையின் சூட்டிலேயே கரி மெல்ல மெல்லக் கரைந்துவிடும். அது போதாதபோது காரின் கணினி தானே ரீஜெனைத் தொடங்கும். கொஞ்சம் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இது நடக்கும். முடிய 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும்.

அந்த 10, 20 நிமிடம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதுதான் சிக்கல். சிங்கப்பூர்த் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர்தான். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஈரச்சந்தைக்குப் போய், வீடு திரும்பும் பயணத்தில் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள்ளேயே சாவியைத் திருப்பிவிடுகிறோம். கணினி ரீஜெனைத் தொடங்கும், பாதியில் நிற்கும், அடுத்த நாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். கரி ஏறிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு அரைகுறை முயற்சிக்கும் இன்னொரு விலை உண்டு. கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் முழுதும் எரியாமல், ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. இதை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் ஆயில் அளவுகோலை உருவுங்கள். துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றால், கடைசி சர்வீசில் யாரும் அதிகமாக ஊற்றவில்லை என்றால், முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருக்கும். விரலில் தொட்டால் வழக்கத்தைவிட நீர்த்திருக்கும். ஆயில் குறைந்தால்தான் கவலை என்று பழகிய நமக்கு, ஆயில் கூடுவது ஆபத்தாகத் தோன்றாது. டீசல் காரில் அது ஆபத்துதான்: நீர்த்த ஆயில், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் தாங்கிகளையும் கிராங்க் தாங்கிகளையும் காக்காது.

ரீஜென் நடப்பதை எப்படி அறிவது? எல்லாக் காரிலும் விளக்கு எரியாது. நின்றிருக்கும்போது இன்ஜின் வேகம் கொஞ்சம் கூடியிருக்கும். தானாக நின்று கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி வேலை செய்யாது. திரையில் காட்டும் எரிபொருள் செலவு காரணமில்லாமல் எகிறும். வண்டியை அணைத்த பின்னும் ரேடியேட்டர் விசிறி இரைந்துகொண்டே இருந்தால், பாதியில் அணைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்போது இன்னொரு சுற்றுப் போய்வருவது மேல்.

கார் நிறுத்துமிடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. சும்மா ஓடும் இன்ஜினின் புகையில் அந்தச் சூடு வராது. கரிதான் இன்னும் சேரும். மேலும், நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம்; தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். சாலையில் ஓட்டுவதுதான் வழி. தீவு விரைவுச்சாலை மட்டுமே 42.8 கிலோமீட்டர் நீளம். நெரிசல் இல்லாத காலையிலோ இரவிலோ சாங்கி பக்கமிருந்து ஜூரோங் வரை ஒரே ஓட்டமாகப் போனால் ஒரு ரீஜெனுக்குத் தாராளம். வடக்கே இருப்பவர்களுக்கு சிலேத்தார், புக்கிட் தீமா, கிராஞ்சி விரைவுச்சாலைகளைச் சேர்த்து ஒரு சுற்று. வாரம் ஒருமுறை இப்படி ஓட்டினால் பல கார்களுக்குப் போதும். தொட்டியில் கால் பங்குக்குக் குறையாமல் டீசல் இருக்கட்டும். குறைந்தால் பல கார்கள் ரீஜெனைத் தொடங்காது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வடிகட்டியில் கரியோடு சாம்பலும் சேர்கிறது. விறகடுப்பில் கரி எரிந்து தீரும், சாம்பல் அப்படியே கிடக்கும் அல்லவா, அதே கதைதான். இந்தச் சாம்பல் இன்ஜின் ஆயிலில் உள்ள உலோகக் கூறுகளிலிருந்து வருகிறது. எத்தனை ரீஜென் நடந்தாலும் போகாது. டிபிஎஃப்பைக் கழற்றிக் கழுவுவது அல்லது மாற்றுவது என்ற பேச்சு சாம்பல் நிறைந்தபோதுதான் வர வேண்டும். கரி அடைத்ததற்காக மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிபிஎஃப்பை மாற்றச் சொன்னால், அதற்கு முன்

டிபிஎஃப் அடைப்பது பல நேரங்களில் விளைவுதான். காரணம் வேறெங்கோ இருக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புதிய வடிகட்டியைப் போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். விலை குறைந்ததிலிருந்து தொடங்கி, இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்:

1. அழுத்த சென்சாரும் அதன் ரப்பர்க் குழாய்களும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணினி அடைப்பைக் கணக்கிடுகிறது. குழாயில் வெடிப்பு விழுந்தாலோ கழன்றாலோ கணக்கே தப்பாகிவிடும். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும்.

2. தெர்மோஸ்டாட். இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு. இது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது. சூடு வராவிட்டால் ரீஜென் தொடங்காது. இங்கே குளிர் இல்லாததால் ஓட்டுநருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

3. குளோ பிளக். குளிர்ந்த இன்ஜின் கிளம்ப, சிலிண்டரைச் சூடாக்கும் கருவி. குளிர்நாடுகளில் இது கெட்டால் காலையில் வண்டி கிளம்பாது, உடனே தெரிந்துவிடும். இங்கே நான்கும் கெட்டாலும் வண்டி கிளம்பிவிடும். ஆனால் சில இன்ஜின்கள் குளோ பிளக்கில் கோளாறு இருப்பதைக் கண்டாலே ரீஜெனை நிறுத்தி வைக்கும். சிங்கப்பூரில் அதிகம் கவனிக்கப்படாத காரணம் இதுதான் என்பேன்.

4. இஜிஆர் வால்வு. திறந்தபடி சிக்கினால் கரி உற்பத்தி பெருகும், வடிகட்டி சீக்கிரம் நிறையும். பெரும்பாலும் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகும்.

5. இன்ஜெக்டர், டர்போ. இவை கடைசி, ஆனால் செலவு பெரிது.

பட்டறையில் கணினியைப் பொருத்தும்போது மூன்று எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கரி அளவு எத்தனை கிராம், சாம்பல் அளவு எவ்வளவு, கடைசியாக ரீஜென் முழுதாக முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது. இந்த மூன்றையும் காட்ட முடியாத கருவியை வைத்துக்கொண்டு ‘டிபிஎஃப் போச்சு’ என்று சொல்பவரின் தீர்ப்பை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இன்ஜெக்டர்: நான்கு பாட்டில் சோதனை

நின்றிருக்கும்போது இன்ஜின் நடுங்குவது, காலையில் கிளம்ப நேரமாவது, டீசல் தட்டும் சத்தம் கூடுவது எல்லாம் இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வைக்கும். நான்கையும் சேர்த்து மாற்றுவதற்கு முன் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாயைக் கழற்றி, அங்கே அளவுக்கோடு போட்ட சின்னப் பாட்டில் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் நான்கு பாட்டிலிலும் டீசல் ஏறும். மூன்று ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்க, நான்காவது இரண்டு மடங்கு நிறைந்தால், உள்ளே கசிவது அந்த இன்ஜெக்டர். சில சமயம் இன்ஜெக்டரே நன்றாக இருந்து, அடியிலுள்ள செம்பு வாஷர் மட்டும் கசியும். சுற்றிலும் கறுப்புத் தார் படிந்திருப்பதே அடையாளம். வாஷர் விலை சொற்பம். விட்டுவிட்டால் இன்ஜெக்டர் அந்தத் தாரில் இறுகிக்கொண்டு, கழற்றுவதே பெரிய வேலையாகிவிடும்.

ஆட்புளூவும் நம் வெயிலும்

ஆட்புளூவில் 32.5 விழுக்காடு யூரியா, மீதி தாது நீக்கிய நீர். 25 டிகிரி செல்சியஸில் வைத்தால் சுமார் 18 மாதம் கெடாது. 30 டிகிரியில் 12 மாதம். 35 டிகிரியில் வெறும் ஆறு மாதம். பகல் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடும் ஊரில், வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டி அதைவிடச் சூடாக இருக்கும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு மூன்று கேன் வாங்கி அடுக்கி வைப்பதில் லாபமில்லை. வாங்கும்போது தயாரித்த தேதியையும் ஆட்புளூவின் தரத்தைக் காட்டும் ஐஎஸ்ஓ 22241 முத்திரையையும் பாருங்கள்.

மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அதே படிகம் தெளிப்பானிலும் குழாயிலும் உருவாகும். எஸ்சிஆர் கோளாறுகளில் பெரும்பங்கு இதனால்தான். ஆட்புளூ எச்சரிக்கை வந்து, மீதிக் கிலோமீட்டர் கணக்கு பூஜ்யத்தைத் தொட்டபின் அணைத்தால் வண்டி மறுபடி கிளம்பாது. அது கோளாறு அல்ல, சட்டம் கேட்டபடி அமைத்தது. டீசல் தொட்டியில் மட்டும் ஆட்புளூவை ஊற்றிவிடாதீர்கள். ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் இழுவை வண்டியை அழையுங்கள். தவறிப்போய் பெட்ரோல் ஊற்றினாலும் இதேதான்: டீசல்தான் உயர் அழுத்த பம்புக்கு மசகு. பெட்ரோலில் அது இல்லாததால் பம்பு தேய்ந்து, இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும்.

ஆயில், ஃபில்டர், பெல்ட்

ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். டிபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ என்ற ஐரோப்பிய ஆயில் தரக்குறியில் சி2 அல்லது சி3 என்று, உங்கள் கையேடு சொல்லும் வகை அச்சிட்டிருக்க வேண்டும். லாரிக்கு ஊற்றும் சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால் இன்ஜின் ஓடும். வடிகட்டி சாம்பலால் நிறைந்துகொண்டே வரும். கையேட்டில் 20,000 அல்லது 30,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் அது நீண்ட பயணக் கணக்கு. நம் ஊர் ஓட்டத்துக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னதோ அது.

டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுங்கள். அதன் அடியில் தேங்கும் நீரையும் வடித்துவிட வேண்டும். ஈரக்காற்றுள்ள ஊரில் அது சேரத்தான் செய்யும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பல தயாரிப்பாளர்கள் ஆண்டுக் கணக்கும் சொல்லியிருக்கிறார்கள். 10 ஆண்டு என்பது பரவலானது. குறைவாக ஓடிய கார்தானே என்று விட்டு, பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். மாற்றும்போது தண்ணீர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

ஜோகூர் டீசலும் ‘கழற்றிவிடலாம்’ யோசனையும்

மலேசியாவில் போக்குவரத்து டீசலில் 2019 முதல் 10 விழுக்காடு பாமாயில் சார்ந்த பயோடீசல் கலக்கிறார்கள். ஐரோப்பியக் கார்கள் பல 7 விழுக்காடு வரையில்தான் ஏற்றவை. அங்கே யூரோ 5 பி7 (7 விழுக்காடு பயோடீசல்) என்று தனியாகக் கிடைப்பது அவற்றுக்குப் பொருத்தம். பயோடீசல் எளிதில் ஆவியாகாது. ஆகவே ரீஜெனின்போது ஆயிலில் கலந்தால் அங்கேயே தங்கிவிடும். எப்போதோ ஒருமுறை நிரப்பினால் பாதகமில்லை. வாடிக்கையாக்கினால் ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

டிபிஎஃப்பின் உள்ளே இருக்கும் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றி ஓட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் இது சட்டவிரோதம். அந்தப் புகை அடுத்த வண்டியில் வரும் குழந்தையின் மூச்சுக்குள் போகிறது என்பதே எனக்கு முதல் காரணம். டீசல் வண்டிகளை உருளைமேல் ஓடவிட்டு இங்கே சோதிக்கிறார்கள், சோதனையிலும் மாட்டும். பழைய கார் வாங்குபவர்கள் புகைக்குழாயின் உள்விளிம்பை விரலால் துடைத்துப் பார்க்கலாம். வடிகட்டி ஒழுங்காக உள்ள காரில் விரல் கிட்டத்தட்ட சுத்தமாக வரும். மை போல அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை.

எங்கே பழுதுபார்ப்பது

சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் பட்டறைகளுக்குக் குறைவில்லை. டீசல் காரை அறிந்தவைதான் குறைவு. ஆனால் ஒரு வசதி உண்டு. பியூஜோ, சிட்ரோவென் டீசல் ஹேட்ச்பேக்கில் இருக்கும் 1.6 லிட்டர் இன்ஜின் குடும்பம்தான் பார்ட்னர், பெர்லிங்கோ வேன்களிலும். ரெனோ காங்கூ, நிசான் என்வி200 வேன்களின் 1.5 லிட்டர் டீசலும் அப்படியே கார்களுடன் பகிர்ந்துகொண்டது. சரக்கு வேன்களைப் பார்க்கும் பட்டறைக்காரருக்கு இந்த இன்ஜின்கள் கைவந்தவை, பாகங்களும் கிடைக்கும். வெளிப் பட்டறைக்குப் போனால் உத்தரவாதமே போய்விடும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பின், அப்படி விதித்த நிபந்தனைகளைக் கார் விற்பனையாளர்கள் 2017இல் நீக்கினார்கள். வெளிப் பட்டறை செய்த வேலையால் வந்த பழுது மட்டும் உத்தரவாதத்தில் சேராது.

சிஓஇயைப் புதுப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

புதுப்பிக்கும் கட்டணம் கடந்த மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரி. 10 ஆண்டுக்கு முழுத் தொகை, ஐந்தாண்டுக்குப் பாதி. ஐந்தாண்டு எடுத்தால் அதன்பின் நீட்டிக்க முடியாது. புதுப்பித்தால் பதிவு நீக்கும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி போய்விடும். 10 ஆண்டு தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் ஏறி, 50 விழுக்காட்டில் நிற்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை இருந்த சோதனையும் ஆண்டுதோறும் ஆகும்.

எதிர்ப்பக்கம், பம்பில் மிச்சமாகும் காசு. டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு வரி 2017இல் வந்தது, 2019இல் 20 காசானது. பெட்ரோலுக்கு 2021 முதல் 66 காசு, உயர் ரகத்துக்கு 79 காசு. டீசல் கார் தனியாகக் கட்டும் சிறப்பு வரி 2017இலும் 2019இலும் ஆண்டுக்கு 100 வெள்ளி வீதம் குறைந்தாலும் இன்னும் இருக்கிறது. ஆகவே நிறைய ஓட்டுபவருக்குத்தான் டீசல் கட்டுப்படியாகும். டிபிஎஃப்பும் அவர் கையில்தான் நன்றாக இருக்கும். தினமும் துவாஸுக்கோ சாங்கிக்கோ விரைவுச்சாலையில் வேலைக்குப் போய்வருபவர் புதுப்பிக்கலாம் என்பது என் கருத்து. பேட்டைக்குள்ளேயே சுற்றிவரும் காருக்கு அந்தத் தொகையைக் கட்டாதீர்கள்.

முடிவெடுக்குமுன், கெடு முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே காரைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். சாம்பல் அளவு, நான்கு பாட்டில் சோதனை, டைமிங் பெல்ட், ஆட்புளூத் தொட்டி ஆகிய நான்குக்கும் விலை எழுதி வாங்குங்கள். புதுப்பிக்கும் கட்டணம் மாதாமாதம் மாறும். பழுதுச் செலவு கையில் இருந்தால்தான் அந்த மாதத்தின் தொகையோடு கூட்டிப் பார்க்க முடியும்.